டூ என்றால் நீ

முதுநகர் ஐஸ் பிளான்ட்டில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
அமோனியா கம்ப்ரசர் இரண்டு,
அதில் ஒன்று எப்போதும் இருமும்.
இயர்போனில் இடது பக்கம் செத்துவிட்டது.
வலது காதில் மட்டும்
நார்வேக்காரி ஒருத்தி பாடிக்கொண்டிருப்பாள்.

வடக்கே ஏதோ தீவில் மீன் கம்பெனி,
குளிர் அறைக்கு ஆள் வேண்டுமாம்.
மொழி பேசத் தெரிய வேண்டும் என்பது
கடிதத்தின் அடியில், சின்ன எழுத்தில்.
புத்தகம் வாங்கினேன், தூக்கம் வந்தது.
பாட்டு கேட்டேன், தூக்கம் போனது.

முதல் வாரம் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.
நெரிசல் பஸ்ஸில் ஜன்னல் வழியே
துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல
தெரிந்த சத்தத்தின் மேல் ஒவ்வொன்றையும் போட்டு வைத்தேன்.

போட் என்றாள். நம் போட்டுதான்,
அதற்கு மட்டும் உழைப்பில்லை.
சூல் என்றாள். எனக்குக் கறுத்த மேகம்,
அவளுக்குச் சூரியன்.
வெந்தெ என்றால் காத்திரு.
விசா ஆபீஸ் வரிசையில் நின்ற எவனோ வைத்த பெயர்.
யெம் என்றால் வீடு.
எமன் வீடு, எமன் வீடு என்று ஒரே மூச்சில் மனப்பாடம்.
டூ என்றால் நீ.
மூன்றாம் வகுப்பில் என்னோடு டூ விட்ட பரமகுரு
இன்றுவரை பழம் விடவில்லை.
இவள் ஒரு வரிக்கு நாலு டூ விடுகிறாள்,
அத்தனையும் கூப்பிடுவது.

உதட்டைக் குவித்துக்கொண்டே
ஏ சொல்ல வேண்டிய எழுத்து ஒன்று உண்டு.
சுடுகிற டீயை ஊதுகிற வாய்.
அதைப் பழகிக்கொண்டிருந்தபோதுதான்
மூன்று மணிக்கு அஞ்சலாட்சி வந்தாள்,
எக்ஸெல்லில் இரண்டு மீன்பெட்டி கட்டிக்கொண்டு.
"என்னா, யாருக்கு முத்தம் குடுக்குற?"

இயர்போனைத் துடைத்துக் கொடுத்தேன்.
செதில் ஒட்டிய விரலால் காதில் அமுக்கிக் கேட்டாள்.
"புருசன் கடல்லேர்ந்து திரும்பல. அதான்."
எனக்கும் அப்படித்தான் பட்டிருந்தது.
இரண்டு மாதம் அந்தச் செத்தவனுக்காக
கம்ப்ரசர் பின்னால் நின்று கண் கசக்கியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அகராதியோடு உட்கார்ந்து
சொல் சொல்லாக உரித்தால்
புருசனும் இல்லை, கடலும் இல்லை.
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள்.
மழை. கையுறையில் ஒன்றைக் காணோம்.
அவ்வளவுதான் பாட்டு.

சொன்னேன். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை.
"சித்திரைப்பேட்ட பஸ்ஸு போயிட்டா
நான் அழுவல? இவ ராகமா அழுவுறா."

சனிக்கிழமை வகுப்பு, ஃபோன் திரையில் ஓஸ்லோ டீச்சர்.
'நான்' என்று சொல்லச் சொன்னார்.
பாட்டில் கேட்டபடியே
ஆட்டுக்குட்டி மாதிரி ஒற்றை எழுத்தில் கத்தினேன்.
சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.
யார் சொல்லித் தந்தது?
அது வடக்கே மீன் பிடிப்பவர்கள் பேச்சு,
பரீட்சையில் யை என்று சொல்லுங்கள்.

புதுச்சேரி பாலிடெக்னிக்கில்
'இஸ்துக்கினு' என்று நான் சொன்னதற்கு
ஒரு பெஞ்சே உருண்டது நினைவுக்கு வந்தது.
நோட்டில் யை என்று எழுதிக்கொண்டேன்.
ஆட்டுக்குட்டியை வாயிலேயே வைத்துக்கொண்டேன்.
போகப் போவது வடக்கேதானே.

நேற்று இரவு கரண்ட் போனது.
இருமுகிறதும் இருமாததும் ஒன்றாக நின்றன.
உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கேன்கள் முனகின.
அந்த அமைதியில் ஒரு வரி
தமிழைச் சுற்றிக்கொண்டு வராமல்
நேராக உள்ளே வந்து நின்றது.
டூ மோ இக்கெ கோ.
நீ போகக்கூடாது என்று மாற்றிக்கொள்ள
எனக்குத்தான் ஒரு மூச்சு பிந்தியது.
பஸ்ஸிடம் சொல்கிறாள், தெரியும்.
பஸ்ஸிடம்தான்.

வாசலில் எக்ஸெல் ஸ்டார்ட் ஆகவில்லை.
நாலாவது உதையோடு நிறுத்திவிட்டு
இருட்டிலிருந்து கேட்டாள், "என்னிக்கிப் போற?"
வெந்தெ, என்றேன்.
"வெந்தா என்ன, வேவாட்டி என்ன.
ஒரு பார் கொறையுது. எண்ணிப் பாரு."