மழைக்கு ஒன்பது நாள்

ஒன்பது நாளில் மழை என்றது வானொலி.
கலீசியாவில் மழைக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை.
வரும், நிற்கும், மறந்த குடையை எடுக்க வந்ததுபோல
மறுபடி வரும்.
இந்த வருடம்தான்
கடன்காரனுக்குப் பயந்த குடும்பமாய்
ஊரே விரல்விட்டு எண்ணியது.

மலை கரியாய் நின்றது.
தைலமரங்கள் நின்றபடியே செத்திருந்தன.
தீ அணைந்து பத்து நாளாகியும்
மண்ணுக்கடியில் சில வேர்கள் புகைந்தன,
ஒளிந்து சிகரெட் பிடிக்கும் பையன்களைப்போல.

இத்தனை சாம்பலையும் மழை எங்கே கொண்டுபோகும்?
கீழே. எங்களிடம்.

நாங்கள் மட்டி தோண்டுகிறவர்கள்.
கடல் வற்றும் நேரம் பார்த்து
கழிமுகச் சேற்றில் குனியும் நாற்பத்தொரு பெண்கள்.
சாம்பல் இறங்கினால் மட்டி வாயை மூடிக்கொள்ளும்.
மூடியபடியே
செத்தும் போகும்.

மேட்டுக்காரர்களோடு எங்களுக்கு எட்டு வருடமாகப் பேச்சில்லை.
காகித ஆலைக்காக அவர்கள் தைலமரம் வைத்ததில் வந்தது.
உங்கள் மரம் எங்கள் ஊற்றைக் குடிக்கிறது என்றோம்.
உங்கள் கடலா எங்களுக்குச் சோறு போடுகிறது என்றார்கள்.
அதுவும் பொய்யில்லை.

தீ இறங்கிய இரவு
ஆடு, கோழி, மாமியார், தையல் மெஷின்
அகப்பட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டு
எங்கள் மீன் ஏலக்கூடத்துக்குத்தான் வந்தார்கள்.
ஒப்துலியா ஐஸ்கட்டியை உடைத்து
ஒவ்வொருவர் கண்ணிலும் வைத்தாள்.
அன்றும் யாரும் பேசவில்லை.
கண்ணில் ஐஸ் இருக்கும்போது
பேசாமலிருப்பது சுலபம்.

முதல் நாள் எட்டுப் பேர் ஏறினோம், வைக்கோல் கட்டுகளோடு.
விரல்கனத்துக்குப் பரப்பினால்
மழை மண்ணை நேராக அடிக்காதாம்,
வனத்துறைப் பெண் சொன்னாள்.
மாட்டுக்குப் போடுவதை மலைக்குப் போட்டோம்.
கணுக்கால்வரை சாம்பல்.
புதைகிற காலை உருவி உருவி வைக்க
எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் டிராக்டர் சத்தம்.
எலாதியோ. வீடு போனவன். கையில் இன்னும் கட்டு.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
'இப்படிப் பரப்பினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்' என்றான்.
எட்டு வருடத்தில் முதல் பேச்சு,
அதுவும் குறை.
எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ரம்பங்களோடு மேட்டுக்காரர்கள் வந்தார்கள்.
எரிந்த மரங்களை வெட்டிச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தினார்கள்.
அதே தைலமரங்கள்.
யாரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.
என் நாக்கு நுனிவரை வந்தது;
ரொட்டியைக் கடித்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் வைக்கோல் தீர்ந்தது.
முன்பின் தெரியாத ஒருவர் லுகோ பக்கமிருந்து
ஒரு லாரி நிறைய அனுப்பினார்.
அதுவும் தீர்ந்தது.
எர்மீத்தாஸின் சரிவு கடைசியில் இருந்தது.
கடைசியில் இருந்ததால் வெறுமனே நின்றது.
அவள் எங்களைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் மழை வரவில்லை.
பதினோராம் நாள் இரவில் வந்தது.

விடிவதற்குள் பாலத்தில் கூடிவிட்டோம்,
இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு, ஆளுக்கொரு டார்ச்.
எர்மீத்தாஸ் பக்கத்து ஓடை மையாய் இறங்கியது.
அதை எல்லோரும் பார்த்தோம், அவளும் பார்த்தாள்.
பெரிய ஓடையில் ஒருத்தி ஜாம் பாட்டிலால் மொண்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

தெளிவில்லை.
கறுப்பும் இல்லை.

'பால் விடாத காபி' என்றான் எலாதியோ.
'காபியா? டீ' என்றாள் ஒப்துலியா, 'அதுவும் லைட்டான டீ.'
மழையில் நனைந்தபடி
வெகுநேரம் அதற்கே சண்டை போட்டார்கள்.

எட்டரைக்குக் கடல் வற்றும்.
பூட்ஸ் எடுக்கக் கிளம்பினோம்.
எலாதியோவும் கூடவே இறங்கி வந்தான்,
பாட்டிலைத் திருப்பித் தர மறந்து.
அவன் கைக்குள்
சாம்பல் மெல்ல
அடியில் படிந்துகொண்டிருந்தது.