இளஞ்சிவப்பு இரண்டு கிலோ

விடிய நாலரை.
சூன் பாண் ஓட்டோ இன்னும் வரவில்லை.
பொன்ஜீன் வீதியில் நாய்களும் நானும்.
ஷட்டரை அரைவாசி தூக்கிக் குனிந்து நுழைகிறேன்
என்னுடைய ஜிம்முக்குள்ளேயே
கள்ளன் மாதிரி.

பொடியன்மார் ஆறு மணிக்கு வருவார்கள்.
அதற்குள் முடிக்கவேணும்.
பெண்கள் வகுப்புக்கு வாங்கிப்போட்ட
இளஞ்சிவப்பு இரண்டு கிலோவைக்
கணுக்காலில் துவாயால் கட்டி
வாங்கில் இருந்தபடி காலை நீட்டுகிறேன்.
ஒன்று.
இரண்டு.
சுவரில், எண்பத்தாறாம் ஆண்டுப் படத்தில்
எண்ணெய் பூசின ஒருவன் பல்லைக் காட்டுகிறான்.
அவன் தொடைதான் இது என்று சொன்னால்
பொலிஸ் நம்பாது.

அந்த வருசமும் இதே இடம் கிழிந்தது.
துறைமுகக் கழகத்துக்காகப் பாரம் தூக்கினபோது
சீலை கிழிகிற சத்தம்.
சித்தாலேப தேய்த்தேன், ஆட்டுக்கால் சூப் குடித்தேன்,
பதினோராம் நாள்
படிகளை இரண்டிரண்டாய்த் தாண்டினேன்.
உடம்புக்கு ஒரு நன்றி சொன்ன ஞாபகமில்லை.
குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீருக்கு நன்றி சொல்வாருண்டா?

இந்த முறை பாரமே இல்லை.
கொச்சிக்கடைப் பெருநாள், ஆனி மழை,
கையில் ஒரு மெழுகுதிரிப் பெட்டி, வழுக்கின ஒரு படி.
ஐந்து மாதம்.

பெரியாஸ்பத்திரியில் பிஸியோ மிஸ் ரிஸ்மியா
ஸ்கான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
"தசைநாரின் ஓரத்தில், அங்கிள்,
சின்னச் சின்னக் கலங்கள் படுத்திருக்கும்.
காயப்பட்ட சத்தம் கேட்டால் எழும்பும்.
பெருகி, கொஞ்சம் வேலைக்கு ஓடும்,
கொஞ்சம் அடுத்த காயத்துக்கென்று
திரும்பப் போய்ப் படுக்கும்.
வயசு போனால் எண்ணிக்கை குறைவு,
மிச்சத்துக்கு நித்திரை கூட.
எழும்புவதற்கிடையில் அந்த இடத்தில்
கொழுப்பும் தழும்பும் குடிவந்துவிடும்."

கொழும்பில் வாடகை வீடு தேடினவனுக்கு
இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு ஒரு எலிக் கதையும் சொன்னாள்.
கிழட்டு எலியையும் இளம் எலியையும்
விலாவோடு விலா தைத்து
ஒரே இரத்தத்தை ஓடவிட்டார்களாம்.
கிழட்டுத் தசை, இளசு போல ஆறினதாம்.
"கலம் சாகவில்லை, அங்கிள்.
கூப்பிடுகிற குரல்தான் குறைந்துபோச்சு."

"மற்ற எலிக்கு என்ன நடந்தது?"

அவள் கோப்பைப் புரட்டினாள்.
"அது கொஞ்சம் முந்திக் கிழடாச்சு."

வீடு வரும் வழியில் 155 பஸ்ஸில்
ஒரு பள்ளிக்கூடப் பையன் எழும்பி இடம் தந்தான்.
இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு
மருதானை வரைக்கும் கால் நடுங்க நின்றேன்.
எனக்கு எவனுடைய இரத்தமும் வேண்டாம்.

எட்டு.
ஒன்பது.

ஷட்டர் கிறீச்சிட்டது.
குனிந்து வந்தது மிஸிஸ் பத்மலோஜினி,
ரெலிகொம்மில் பென்ஷன் எடுத்தவர், அறுபத்தேழு வயது,
கையில் தண்ணீர்ப் போத்தல், காலில் பாட்டா.
துவாய்க்குள் மறைக்க நேரமில்லை.
கணுக்காலைப் பார்த்தார்.
"அது என்னுடையதெல்லோ, பெனடிக்ற்?"
நான் அவிழ்க்கக் குனிந்தேன்.
"பரவாயில்லை, வைத்திருங்கோ.
போன மாசத்திலிருந்து எனக்கு மூன்று கிலோ."

மூலைக்குப் போய்த் தூக்கத் தொடங்கினார்.
மூச்சை விடவேண்டிய இடத்தில் விட்டார்.
அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.
அவருக்கு இரண்டு வருசமாகச் சொன்னதை
என் தொடைக்கு நான் சொன்னதில்லை.

பத்து.
பதினொன்றில் தொடைக்குள்
ஏதோ திடுக்கிட்டது. வலியா,
யாரும் புரண்டு படுத்தார்களா, தெரியாது.

தெருமுனையில் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு,
நேற்றைய அதே பாட்டு,
பூட்டின கதவு கதவாய்ப் போய்க்கொண்டிருந்தது.
மேல்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.
மற்ற வீடுகளில்
இன்னும் ஒருவரும் எழும்பவில்லை.
ஓட்டோக்காரன் நிப்பாட்டவில்லை.

பன்னிரண்டு.