வெறும் வயிற்றில்

பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் வா
என்று சீட்டில் இருந்தது.
பெர்பெத்துவா அபோந்தி சிரித்துக்கொண்டாள்.
பட்டினிக்கும் இப்போது
ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

கிசுமு. ஒபுங்காவில் இன்னும் விடியவில்லை.
மீன் ஆலையின் பின்கதவு மட்டும் திறந்திருக்கிறது.
சதையைச் சீவிப் பனிக்கட்டியில் கிடத்தி
விமானம் ஏற்றிவிடுவார்கள்.
தலையும் முள்ளும் வாலும்
கூடை இவ்வளவு என்று இவளுக்கு.
அவற்றைப் பொரிப்பாள்
நேற்றைய எண்ணெயில்,
முந்தாநாளைய எண்ணெயில்,
தேன் நிறம் போய்த் தார் நிறம் வந்த எண்ணெயில்.
நான்கு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும்
அந்தச் சட்டிக்குள்தான் நடந்தது.

இன்று சட்டி கவிழ்ந்து கிடக்கிறது.
வரிசையில் முன்னால் பதினொரு பேர்.
எல்லோரும் பெண்கள்,
ஐம்பதை ஒட்டியவர்கள்,
பசியில் சிடுசிடுப்பவர்கள்.
ஒருத்தியின் பையில் மண்டாசி மணக்கிறது,
ஊசியை உருவிய மறுநொடி தின்பதற்கு.
"மூடி வை அதை" என்கிறாள் இன்னொருத்தி,
"வாசனைக்கே என் ரத்தம் கெட்டுவிடும்."

இதே பெஞ்சுதான்.
அன்று இதில் உட்கார முடியாது, சாயத்தான் முடியும்.
இந்தப் பக்கம் ரிஸ்பாவின் தோள்,
அந்தப் பக்கம் அத்தோயோவின் தோள்.
மூன்று பேரையும் சேர்த்து நிறுத்தால்
ஒரு பெண் தேறமாட்டாள்.
மாத்திரை வந்தது.
இரண்டு தோள்களுக்கு அது தாமதமாக வந்தது.

இவளுக்குக் கன்னம் முளைத்தது முதலில்.
பிறகு ரவிக்கை அக்குளில் கிழிந்தது.
தைக்காமல் அதையே போட்டுக்கொண்டு
சந்தை முழுக்க நடந்தாள்,
கிழிசலை எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அதற்கு முன்பு ஒன்று நடந்தது.
புருஷனைப் புதைத்த ஆறாம் மாதம்
அவன் தம்பி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
வாசலில் வந்து நின்றான். வழக்கம்.
முடியாது என்றாள்.
பெரியவர்கள் கூடி, தலையாட்டி,
"இவளுக்குக் கொழுப்பு" என்று முடித்தார்கள்.
அப்போது அவள் எடை முப்பத்தாறு கிலோ.

குழாய் சுழன்று நிற்கிறது.
மஞ்சள் தெளிவின் மேல் மெல்லிசாக
ஆறிய பாலில் படிவதுபோல் ஓர் ஆடை.
ஒச்சோலா தாளைத் திருப்பிக் காட்டுகிறார்.
கிருமி: தென்படவில்லை.
கொழுப்பு: ஏழு புள்ளி இரண்டு.

"தாமதமாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள்,
எங்கள் வீட்டுப் பெரியவர்கள்
அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்" என்றாள்.
அவருக்குப் புரியவில்லை.

எதனால் என்று கேட்டாள்.
இத்தனை வருடம் விழுங்கிய மாத்திரைகளாக இருக்கலாம்,
விலக்கு நின்றுபோனதாக இருக்கலாம்,
சட்டியாகவும் இருக்கலாம்.
"மூன்றில் எதை விடட்டும்?"
அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்,
மூடினார், திறந்தார்.
இரவுக்கு ஒன்று என
இன்னொரு மாத்திரை எழுதினார்.

மாரடைப்பு
மிலிமானியில் காவலாளி வைத்த வீடுகளுக்கு வருவது
என்றுதான் நினைத்திருந்தாள்.
அவள் குடும்பத்தில் அந்த வயதுக்கு
எவரும் போய்ச் சேர்ந்ததில்லை.
இருமலில் போனார்கள், பேதியில் போனார்கள்,
பெயர் சொல்லாத அதில் போனார்கள்.
இதயம் என்ற ஒன்று தேய்ந்துபோகும் அளவுக்கு
யாருக்கும் நாள் இருக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில்
மண்டாசிக்காரி காத்திருந்தாள்.
"உனக்கு எவ்வளவு?"
"ஏழு புள்ளி இரண்டு."
"எனக்கு ஆறரை" என்றாள் அவள்,
தோற்றவளின் குரலில்.
இருவரும் சிரித்ததில்
ஒரு கோழி மிரண்டு ஓடியது.
ஒன்றைப் பிய்த்து ஆளுக்குப் பாதி.
நாளையிலிருந்து, என்றார்கள்,
யாரிடம் என்று இல்லாமல்.

விரலில் மிச்சமிருந்த எண்ணெயை
முழங்கையில் தேய்த்துக்கொண்டாள் அபோந்தி.
பிறகு ஆலைப் பக்கம் நடந்தாள்,
பின்கதவு சாத்துவதற்குள்.