நேரா

படிவத்தில் மூன்று கோடுகள்.
முதல் விருப்பம். இரண்டாம் விருப்பம். மூன்றாம் விருப்பம்.
முதல் கோட்டின் மேல் பென்சிலால்
சுவிட்சர்லாந்து என்று எழுதிக் காட்டினார் எஸ்தர் மிஸ்.
"நம்ம ஊர் மாதிரியே இருக்கும். ஏக்கமே வராது."

நம்ம ஊர் மாதிரியே இருந்தால்
எதுக்கு மிஸ் போகணும்
என்று கேட்கவில்லை.
ரப்பர் மட்டும் கேட்டேன்.

கோத்தகிரியில் பிறந்தவளுக்குத்
திசை நான்கு கிடையாது, இரண்டுதான்.
பள்ளிக்கூடம் மேலே. ரேஷன் கடை கீழே.
அத்தை வீடு மேலே போய்க் கீழே.
கோயம்புத்தூர் கீழே, சென்னை அதற்கும் கீழே.
விமானத்தில் ஏறவும்
முதலில் இறங்கியாக வேண்டும்,
குஞ்சப்பனை வளைவுகளில்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே.

நூலக அட்லஸில்
மலைக்குப் பழுப்பு, சமவெளிக்குப் பச்சை.
எங்கள் பக்கம் முழுக்கப் பழுப்பு.
தேயிலைக்கு நடுவில் இருந்து வருபவளுக்கு
இது சிரிப்பு.
பழுப்பே இல்லாத நாடாகத் தேடினேன்.
டென்மார்க்.
அங்கே ஆக உயரமான இடம் நூற்றெழுபது மீட்டராம்.
எங்கள் ஹட்டியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு
தினமும் அதில் பாதி ஏறுகிறேன்,
ஷூ லேஸைக் கட்டாமலேயே.

ஏன் இந்த நாடு, ஐம்பது சொற்களில், என்றது படிவம்.
கண் எங்கேயும் முட்டாமல் போனால்
எதுவரை போகும் என்று பார்க்க, என்றெழுதினேன்.
மீதி நாற்பது சொச்சம் சொற்களைக்
கலாச்சாரப் பரிமாற்றத்துக்குக் கொடுத்தேன்.

குடும்பப் பெயர் கட்டத்தில்
அப்பாவின் பெயரைப் போட்டதில் இருந்து
அலுவலகக் கடிதமெல்லாம் "அன்புள்ள பெள்ளி" என்றே வருகிறது.
கொழுந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு
"எனக்கு என்ன வந்திருக்கு?" என்பார்.
உங்களுக்குத் தடுப்பூசி அப்பா, மூன்று.
படிப்பு, பயணம் எல்லாம் உதவித்தொகை;
கைச்செலவு மட்டும் எங்களுடையது.
மாதம் எத்தனை கிலோ கொழுந்து என்று
காலண்டருக்குப் பின்னால் அவர் போட்ட கணக்கை
அவர் இல்லாத நேரத்தில் பார்த்தேன்.
இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தார்.

"குளிரு தாங்குவாளா?"
எல்லோரும் அம்மாவிடம் கேட்பது இதைத்தான்.
குளிர்தானே
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாடம்.

ஜூனில் இங்கர் என்பவரிடமிருந்து வந்தது கடிதம்.
வீட்டில் ஒரு பூனை, இரண்டு பையன்கள்.
பள்ளி நான்கு கிலோமீட்டர்.
நாங்கள் எல்லோரும் சைக்கிள்தான்.
உனக்கென்று நீல நிறத்தில் ஒன்று
எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம்.

நீலம் பிடிக்கும்.
சைக்கிள் ஓட்டத் தெரியாது.
ஹட்டியில் ஒருவருக்கும் தெரியாது,
ஏறும்போது நாம் அதைத் தூக்க வேண்டும்,
இறங்கும்போது நம்மை ஆம்புலன்ஸ் தூக்கும்.

ஆகவே காந்தி மைதானம்,
ஊரில் தட்டையாக இருப்பது அது ஒன்றுதான்.
ஆகவே பேக்கரிக்காரர் மகன் ரிஸ்வான், வயது ஒன்பது.
கட்டணம்: என் போனில் அரை மணி நேரம் விளையாட்டு, முன்பணமாக.
அவன் சைக்கிளில் என் முழங்கால்
ஹேண்டில்பாரை இடிக்கிறது.
பந்தாடும் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு
எனக்கு எண்ணுகிறார்கள்: ஏழு. எட்டு.
எட்டாவதில் பாவாடை கிழிந்தது.
ஒன்பதாவதற்கு ஜீன்ஸில் வந்தேன்.

"அக்கா, கீழே பாக்காதீங்க."
கீழே பார்க்காமல் எங்கேடா பார்ப்பது?
மேலேயா?
தலையில் அடித்துக்கொண்டான்.
"நேரா."

அந்தத் திசையை எனக்கு
இதுவரை யாரும் சொன்னதில்லை.

நேராக என்றால் மைதானத்துச் சுவர்.
அன்று மூடுபனி இறங்கி
சுவரும் இல்லை, கோல் கம்பமும் இல்லை,
பையன்களின் குரல் மட்டும் எங்கிருந்தோ.
கால் மிதித்தது, மறு கால் மிதித்தது,
பிடித்திருந்த கை
எப்போது விட்டது என்று தெரியவில்லை.
வெள்ளையாக, முட்டாமல்,
போய்க்கொண்டே இருந்தது.

பிரேக் எந்தப் பக்கம் என்று
கேட்டு வைத்திருக்கலாம்.