தண்ணிக் கழிவு

மழைக் கொழுந்துக்கு
மடுவத்தில் இரண்டு கிலோ கழிப்பார்கள்.
"தண்ணிய காசு குடுத்து வாங்க ஏலுமா, தங்கச்சி?"
முள் ஆடி நிற்குமுன்பே
கணக்கப்பிள்ளை எழுதிவிடுவார்.

அந்தியில் வீட்டுக்கு வந்து
நான் நிறுக்கிறேன்.

அட்டன் நடைபாதையில் வாங்கிய பழைய தராசு.
கண்ணாடியில் கீறல், முள் சரி.
காலையில் பூபாலன் ஐம்பத்தொன்று.
அந்திக்கு ஐம்பத்து மூன்றைத் தாண்டினால்
கோப்பை எதுவும் கையில் கொடாமல்
பக்கத்திலேயே உட்கார வேண்டும்.
ஐம்பத்து நாலென்றால்
ஆட்டோ பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரி.
துண்டில் எழுதித் தந்திருக்கிறார் டாக்டர்.

இரத்தத்தில் உப்புக் குறைந்துபோகுமாம்.
குறைந்ததை நான் பார்த்தேன்,
போன ஐப்பசியில், பீலிக்கரையில்.
வாய் கோணி, கண் மேலே செருகி
உதறிக்கொண்டு கிடந்தான்.
பேயென்று எலுமிச்சம்பழம் அறுத்தார்கள்.
வாந்தியெல்லாம் வெறும் தண்ணீர்.

முதலில் பூட்டத்தான் பார்த்தேன்.
குடத்துக்கு மூடி, மூடிமேல் அம்மிக்குழவி,
குழாய்க்குக் கம்பிக் கட்டு.
எந்த ஊரில் இருந்துகொண்டு
எதைப் பூட்டுகிறேன்!
கூரைத் தகரம் ஒழுகுகிறது,
மலை ஒழுகுகிறது,
கானோரச் சேம்பிலை
அவனுக்கென்றே ஏந்தி நிற்கிறது.
சாமிப்படத்துச் செம்பும் ஒருநாள் காலி.

"நெஞ்சுக்குள்ள பத்துதுக்கா.
அணை அணைன்னு சொல்றாங்க."

யார் என்று இப்போது கேட்பதில்லை.
எத்தனை கோப்பை என்று கேட்கிறேன்.

குளிசைக்கும் நாக்கு வறளும்.
அதற்கு நெல்லிக்காய்த் துண்டு,
தோடம்பழச் சுளை,
மணிக்கொரு சின்னக் கோப்பைச் சாயத்தண்ணி.
கோப்பைக்கொரு புளியங்கொட்டை
அவனே பால்மா டின்னில் போடுவான்.
சில நாள் போடாமல் குடிப்பான்.
தராசு கோள் சொல்லிவிடும்.
அப்போது ஏசினால்
அவன் பீலிக்குப் போவதில்லை,
ஆற்றுக்குப் போகிறான்.
அதனால் ஏசுவதில்லை.

மலை இறங்கி வரும்போது
எனக்கும் தொண்டை காயும்.
பீலியில் வாய்வைத்து
மடமடவென்று குடிக்கிறேன்,
லயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
திருடிபோல.

நேற்று முழுக்க மழை.
கழிவு போக ஒன்பது கிலோ.
அரைப்பேர்தான்.
ஈரப் படங்கை அவிழ்க்குமுன்பே
தானாக வந்து தராசில் ஏறினான்.
ஐம்பத்திரண்டரை.
இறங்காமல் முள்ளைப் பார்த்தபடி கேட்டான்:

"ஒனக்கும் தண்ணிக்கு வெட்டிட்டாங்களாக்கா?"

வெட்டிட்டாங்க என்றேன்.

டின்னுக்குள் விரல் விட்டுத் துழாவி
இரண்டு கொட்டை எடுத்து
என் கையில் வைத்தான்.
ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது.