தலைகீழ் முயல்

செப்டம்பர், செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை.
பலகையில் எழுதினேன்: நடு இலையுதிர்காலத் திருநாள்.
ஜன்னலுக்கு வெளியே
நேற்று விரிந்த மஞ்சள் டாஃபடில்கள்
நியூசிலாந்தின் தென்கோடிக் காற்றில்
இல்லை இல்லை என்று தலையாட்டின.

"மிஸ், இது வசந்தம்" என்றாள் ஹினேவாய்.
எனக்குத் தெரியும்.
புத்தகத்துக்குத் தெரியாது.
அது பூமியின் மேல்பாதியில் அச்சானது.

பதினேழு பிள்ளைகள். பாதிப் பேர் கண்ணில் தூக்கம்.
பண்ணைகளில் குட்டி ஈனும் பருவம்;
விடியுமுன் மூன்று மணிக்கு டார்ச் பிடித்த கைகள்
பத்து மணிக்குக்
காகித விளக்குக்கு மடிப்பு மடிக்கின்றன.
கோந்து வாசனையை மீறிக் கம்பளி வாசம்.
கடைசி வரிசையில், அட்டைப்பெட்டிக்குள்,
தாயில்லாத குட்டி ஒன்று
என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும்
முற்றுப்புள்ளி வைத்தது: மே.

சரி, அங்கிருந்தே தொடங்குவோம் என்று
'யாங்' என்று எழுதினேன்.
மேலே இரண்டு கொம்பு, பாருங்கள். ஆடு.
"வெள்ளாடா, செம்மறியா?"
இரண்டும்தான்.
வகுப்பே அதிர்ந்துவிட்டது.
கிடா, பெட்டை, காயடித்தது,
இரண்டு பல் போட்டது, போடாதது,
ஒருமுறை கத்தரித்தது என்று
ஒன்றுக்கு ஒன்பது பெயர் வைத்திருப்பவர்கள் முன்னால்
மூவாயிரம் வருஷம் எழுதிப் பழகிய மொழி
ஒற்றைச் சொல்லோடு வந்து நின்றது.
"உங்கள் ஊரில் ஆடே கிடையாதா, மிஸ்?"

என் ஊர் யான்ச்சி.
எங்கள் பட்டியில் நூற்றுப்பத்துத் தலை.
பல்கலைக்கழக விடுதிக்குப் போன முதல் வாரம்
மூன்று சோப்பு கரைத்தேன், இந்த வாசம் போக.
இங்கே அனுப்புமுன் பயிற்சி தந்தார்கள்:
காகிதம் வெட்டுதல், தேநீர், சிங்க நடனம்,
முடிச்சுக் கயிறு.
பண்பாட்டுப் பட்டியலில் ஆடு இல்லை.
நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்து, நான்கு சுரங்கள்.
ராபி மெக்காஸ்கிலுக்கு வாய் வளையாது.
எந்தச் சொல்லையும் ஒரே மட்டமாக உருட்டித் தள்ளுவான்.
கையை ஏற்றி இறக்கிக் காட்டிக் களைத்தேன்.
அவன் சட்டைப்பையில் கைவிட்டு
அரைநிலா வடிவத் தகரச் சீழ்க்கையை எடுத்து
நாக்கின்மேல் வைத்து ஊதினான்:
நீண்டு நின்றது ஒன்று.
ஏறியது ஒன்று.
பள்ளத்தில் இறங்கிக் கரையேறியது ஒன்று.
வெட்டி விழுந்தது ஒன்று.
"நில். இடமாகச் சுற்று. வலமாகச் சுற்று. படு."
வெளியே, யாருடைய பிக்கப் வண்டியின் பின்தட்டிலோ
கறுப்பு நாய் ஒன்று எழுந்து,
இடம் திரும்பி, வலம் திரும்பி,
குழம்பிப்போய்ப் படுத்தது.

நிலா அப்பம் ஆளுக்குக் கால் துண்டு.
தாமரை விதைப் பூரணத்தைப்
பாதிப் பேர் நாசூக்காகக் கைக்குட்டையில் துப்பினார்கள்.
வீட்டுப்பாடம்: இன்றிரவு நிலாவைப் பாருங்கள்.
மருந்து இடிக்கும் முயலை வரைந்து வாருங்கள்.

இரவு நானும் கொல்லைக்கு வந்து நின்றேன்.
பிப்ரவரியில் வந்தவள், எட்டு மாதமாக
அண்ணாந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.
முயலைக் காணோம்.
உரல் இருக்க வேண்டிய இடத்தில் காது மாதிரி ஏதோ.
குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தேன்.
இருந்தது.
அடுத்த வீட்டு ஜன்னலில் திரைச்சீலை மெல்ல மூடியது.

மறுநாள் பதினேழு தாள்கள்.
ஹினேவாய் வரைந்தது சுரைக்குடுக்கையோடு ஒரு பெண்ணை.
"இவள் ரோனா. எங்கள் வீட்டில் நிலாவில் இருப்பது இவள்தான்."
ராபியின் முயல் தலையால் நின்றது.
பக்கத்தில் 'நிலா' என்று எழுதியிருந்தான்;
திறந்திருக்க வேண்டிய அடியைக் கோடு போட்டு
மூடிவிட்டான்.
மூடினால் அது நிலா இல்லை, கண்.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
திருத்தினேன். சம்பளம் அதற்குத்தான்.

பின்வரிசையில் தபால்காரர் மகள்
பால்புட்டியைப் படுக்கவைத்துப் பிடித்திருந்தாள்.
குட்டி காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.
போய்க் குந்தினேன்.
தாடையை இரண்டு விரலால் தூக்கி,
புட்டியைச் சாய்த்து, வாலடியில் சொறிந்துவிட
வால் துடிதுடித்தது.

ராபி நிமிர்ந்து பார்த்தான்.
"உங்களுக்கு எப்படி மிஸ்?"
அவன் குரல் கடைசியில் ஏறியது.
இரண்டாம் சுரம்.
கொஞ்சமும் பிசகில்லாமல்.