ஏழு சாமை நாற்று

சேர்வராயன் கோயிலுக்கு மேற்கே
காற்று நிற்கவே நிற்காத மொட்டை வெளியில்
பத்துச் சதுரங்கள்.
ஐந்துக்கு வேலி உண்டு, ஐந்துக்கு இல்லை.
வேலி ஆட்டுக்கு அல்ல, ஆளுக்கும் அல்ல.
சுண்டெலி நுழையாதிருக்க
முழங்கால் உயரத்துக்குக் கம்பிவலை,
மண்ணுக்குள் இரண்டு சாண்.

புல்லை எண்ணுவது என் வேலை.
நாள்கூலி அறுநூற்றைம்பது, மழைநாளில் இல்லை.
நாகலூர்ப் பேருந்தில்
கையிலிருக்கும் அட்டையைப் பார்த்து
"ரோடு வருதா?" என்கிறார்கள்.
"புல் வருது" என்று ஒருமுறை சொன்னேன்.
அப்புறம் யாரும் பேசவில்லை.

முதல் வருஷம் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாம் வருஷம் கார்த்திகையில்
வெளிச்சதுரத்து ஊசிப்புல் என் விரலைக் கீறியது.
வேலிக்குள் இருந்த அதே புல்
தடவிக் கொடுக்க விட்டது.

திரும்பத் திரும்பக் கடிபட்ட புல்
மண்ணிலிருந்து மணல்சத்தை உறிஞ்சி
இலை ஓரத்தில் ஏற்றிக்கொள்ளுமாம்.
சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும்
தமயந்தி மேடம் சொன்னார்
செல்போனைத் தலைக்கு மேல் தூக்கி
சிக்னல் தேடிக்கொண்டே.
அவ்வளவு குட்டி வாய்க்கு
இவ்வளவு பெரிய ஏற்பாடா?
எலிக்கும் பல் ஓய்வதில்லை,
வளர்ந்துகொண்டே இருக்கும்,
தேய்க்க ஏதாவது வேண்டும்.
இதில் யார் யாருக்குச் சாணை பிடிப்பது
என்று கேட்க நினைத்தேன்.
சிக்னல் கிடைத்துவிட்டது அவருக்கு.

குனிந்து எண்ணுகிறவனுக்குத்தான் தெரியும்
புல்லடியில் ஓடும் தெரு.
இரண்டு விரல் அகலம். மேலே புல்லே கூரை.
ஓரமாக நறுக்கிப் போட்ட தண்டுகள்,
தீக்குச்சி நீளம்,
எல்லாவற்றிலும் ஒரே சாய்வு வெட்டு.
தையல்கடை மூடிய பிறகு
தரையில் கிடக்கும் துணித்துண்டு மாதிரி.
தின்றது கொஞ்சம், நறுக்கியது நிறைய.

வேலிக்குள் தெரு இல்லை.
போதைப்புல் என் தொடை வரை வந்துவிட்டது.
அதன் காலடியில் விஷ்ணுகிரந்தி,
சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ.
முதல் வருஷம் நாற்பத்தொன்று.
அடுத்து ஒன்பது.
இந்த வருஷம் நான் மண்டியிட்டு
இரண்டு தடவை தேடிவிட்டு
பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யம் போடத்தான் அதிக நேரம் ஆகிறது.

ஆடி முதல் வாரம்
ஆறாம் சதுரத்தில், வேலியில்லாத பக்கம்,
ஒரே குழியிலிருந்து ஏழு சாமை நாற்று
ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு.
இங்கே யாரும் சாமை விதைப்பதில்லை.
ஒரு கூப்பிடு தூரம் கீழே
கரியராமன் காடு.
அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.
"என் விதைதான்" என்றார்.
"திருடுன பய குழியெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான்,
கலப்பு விடத் தெரியல."
அப்புறம் சுற்றிலும் பார்த்தார்.
புதைத்தது திரும்பி வந்திருந்தால்
நாற்று ஏது?
ஆந்தையோ சுருட்டை விரியனோ,
அல்லது அதற்கே மறந்துபோனதோ.

என் தாளில் சாமைக்குக் கட்டம் இல்லை.
இருபத்துமூன்று செடிகளுக்குக் குறியெண் உண்டு,
மறதிக்கு முளைத்ததற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஏழு.

புரட்டாசியில் நான்காம் வேலிக்கடியில்
புதுச் செம்மண், ஈரமாக,
பக்கத்தில் எலுமிச்சை நுழையும் ஓட்டை.
விதிப்படி கல் வைத்து அடைத்தேன்,
தேதி போட்டேன், மேடத்துக்குச் சொன்னேன்.
"அய்யோ, மூணு வருஷம்" என்றார்.

அடுத்த செவ்வாய்
ஒரு சாண் தள்ளி இன்னொன்று.
அதையும் எழுதினேன்.
உள்ளே போதைப்புல்லின் தூரில்
நறுக்கிய தண்டுகள் நான்கு, அதே சாய்வு.
கல்லைத் தேடுவதற்கு முன்
கம்பிக்கு மேலாகக் கையை விட்டு
ஒரு தாளில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன்.

இன்னும் கீறவில்லை.